பின்சீட்டுக்காரரைக் கேட்டு வண்டி வாங்குங்கள்: எக்ஸ்எல்லா, ஸ்கூட்டரா, நூறு சிசி பைக்கா?

சம்பா அறுப்பு முடிந்து நெல் காசு கைக்கு வந்ததும் டெல்டாவில் இருசக்கர வண்டிக் கடைகளில் கூட்டம் சேரும். அந்தச் சமயத்தில் 'எந்த வண்டி வாங்கலாம்' என்று வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்குள் ஓர் ஒற்றுமை உண்டு: ஓட்டுபவரோடு இன்னொருவரும் அந்த வண்டியில் போக வேண்டும். வலங்கைமான் பக்கத்துக்காரர் ஒருவருக்கு மாதம் ஒரு தடவை அம்மாவைத் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப் போக வேண்டும். மற்ற நாளில் வயலுக்கு உரம் ஏற்ற வேண்டும். மயிலாடுதுறைக்காரர் மனைவியைக் காலையில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் தானும் வேலைக்குப் போக வேண்டும். திருத்துறைப்பூண்டியிலிருந்து எழுதியவர் வீட்டில் மகன் கேட்கும் வண்டி ஒன்று, வீட்டுக்காரம்மா கேட்கும் வண்டி வேறொன்று.

கடையில் விசாரித்தால் மைலேஜ் சொல்வார்கள், தவணை சொல்வார்கள், புதிதாக என்ன கலர் வந்திருக்கிறது என்பதையும் சொல்வார்கள். பின்சீட்டில் யார் உட்காரப் போகிறார் என்று மட்டும் கேட்க மாட்டார்கள். நான் முதலில் கேட்பது அதைத்தான். ஓட்டுகிறவர் எந்த வண்டிக்கும் ஒன்றிரண்டு வாரத்தில் பழகிவிடுவார். பின்னால் இருப்பவருக்குப் பழகிக்கொள்ள ஒன்றுமில்லை. பிடிக்க இடமும் மிதிக்க இடமும் சரியாக இருந்தால் அவர் பயணம் போகிறார். இல்லாவிட்டால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆகவே இந்த ஒப்பீட்டை முழுக்கப் பின்சீட்டிலிருந்தே செய்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

### ஏறுவதும் இறங்குவதும்

முழங்கால் வலி இல்லாத அறுபது வயதுக்காரரை நம் ஊரில் தேட வேண்டியிருக்கிறது. நடவு, களை என்று சேற்றில் நின்ற கால்கள் அவை. சீட்டின் உயரம், அகலம், பின்பிடிக் கம்பி எவ்வளவு மேலே நிற்கிறது ஆகிய மூன்றும் சேர்ந்துதான் ஒருவர் ஏற முடியுமா என்பதை முடிவு செய்கின்றன. உயரம் குறைவாக இருந்தும் சீட் அகலமாக இருந்தால் இரண்டு பக்கமும் கால் போடும்போது இடுப்பு வலிக்கும். கடை வாசலில் வண்டி சென்டர் ஸ்டாண்டில் நிற்கும்போது ஏறிப் பார்ப்பதில் பயனில்லை. ஓட்டுபவர் இரண்டு காலையும் ஊன்றிப் பிடித்திருக்க, ரோட்டில் எப்படி ஏறுவார்களோ அப்படியே ஏறிப் பார்க்க வேண்டும்.

### ஒருபக்கமாக உட்காருவது

வெளியூர்க் கட்டுரைகள் 'இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கள், அதுவே பாதுகாப்பு' என்று ஒரு வரியில் முடித்துவிடும். அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் முகூர்த்த நாளில் பட்டுப்புடவையோடு பாபநாசத்திலிருந்து கும்பகோணம் போகும் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஒருபக்கமாக உட்கார்ந்தவரின் எடை வண்டியின் நடுக்கோட்டுக்கு இடதுபுறம் விழுகிறது. ஓட்டுபவர் தனக்கே தெரியாமல் அதை ஈடுகட்டிக்கொண்டு ஓட்டுகிறார். திடீரென்று பிரேக் அடித்தால், கால் போட்டு உட்கார்ந்தவர் தொடையால் சீட்டைக் கவ்விக்கொள்ள முடியும். ஒருபக்கமாக உட்கார்ந்தவருக்கு அந்த வசதி இல்லை; வலது கை பிடித்திருக்கும் பிடி ஒன்றுதான் கதி. அந்தப் பிடி ஓட்டுபவரின் தோளாக இருந்தால் இருவரும் சேர்ந்து முன்னால் சாய்வார்கள். கம்பியாக இருக்க வேண்டும்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி இதைத்தான் சொல்கிறது. பின்னால் இருப்பவருக்கு நிரந்தரமான கைப்பிடி, கால் வைக்க மிதி, துணி சக்கரத்தில் சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு மூன்றும் இருக்க வேண்டும். நாம் சேலை கார்டு என்று சொல்வது அந்தத் தடுப்பைத்தான். பைக் வாங்கிய மறுநாளே பார்க்க நன்றாக இல்லை என்று அதைக் கழற்றி வீசும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வண்டியில் தங்கையும் பாட்டியும்தான் ஏறப்போகிறார்கள். முந்தானை, துப்பட்டா, தாவணி எதுவானாலும் பின்சக்கரத்தில் மாட்டினால் இழுபடுவது கழுத்து.

### நம் ரோடு

டெல்டாவில் மலை கிடையாது. ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலமும் ரயில்வே மேம்பாலமும்தான். ஆகவே இன்ஜின் பலம் இங்கே இரண்டாம்பட்சம். சக்கரத்தின் விட்டம்தான் முதல் கேள்வி.

வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று எந்த ஆற்றின் கரை ரோட்டை எடுத்தாலும் ஒரு பஸ்ஸும் ஒரு பைக்கும் தாரிலேயே விலகிக்கொள்ள இடமிருக்காது. எதிரே பஸ் வந்தால் நாம்தான் மண்ணில் இறங்க வேண்டும். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே அரை முழ ஆழம் இருக்கும் இடங்கள் உண்டு. இறங்குவது பெரிய காரியமில்லை, திரும்ப ஏறுவதுதான் ஆபத்து. பெரிய சக்கரம் அந்த விளிம்பில் ஏறிவிடும், சின்ன சக்கரம் விளிம்போடு உரசிக்கொண்டே ஓடிச் சாய்க்கும். இந்த நேரத்தில் ஒருபக்கமாக உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் இடதுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம்தான் காட்டுக்கருவையும் வாய்க்காலும்.

பருவத்துக்குப் பருவம் ரோட்டின் முகமும் மாறும். சேற்றுழவு சமயத்தில் டிராக்டர் சக்கரம் கொண்டுவந்து போடும் களிமண், ஒரு தூறல் விழுந்தால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். தை, மாசியில் பாதி ரோடு நெல் காயும் களம். அதன்பின் உளுந்து பறித்து, வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று கொடியோடு ரோட்டில் பரப்பிவிடுவார்கள். நெல் உருளும், உளுந்துக்கொடி சக்கர அச்சில் சுற்றும், சூடான சைலன்சரில் ஒட்டினால் புகையும். இருவர் போகும் வண்டி நெல்மேல் பிரேக் பிடிக்கக் கூடாது. நெல்லுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகக் கடக்க வேண்டும். கீழ்ப்பாகம் தாழ்ந்த வண்டிகளுக்கு உளுந்துக்கொடியால் தொல்லை அதிகம்.

### எடை

தனியாகப் போகும்போது நன்றாக நிற்கும் வண்டி, பின்னால் ஆள் ஏறியதும் வேறு வண்டியாகிவிடும். எடை பின்சக்கரத்துக்குப் போவதால் ஹேண்டில் லேசாகும், நிற்கும் தூரம் கூடும். கையேட்டில் அதிகபட்சச் சுமை என்று ஓர் அளவு போட்டிருப்பார்கள். ஓட்டுபவரின் எடையும் அதற்குள் அடக்கம். 65 கிலோ ஆள் ஒருவர், 55 கிலோ ஆள் ஒருவர், 45 கிலோ யூரியா மூட்டை ஒன்று, ஆக 165 கிலோ. பெரும்பாலான சின்ன வண்டிகளின் வரம்பு அதற்கு முன்பே முடிந்துவிடும். ஆளையும் மூட்டையையும் ஒரே நடையில் கொண்டுபோகும் எண்ணத்தோடு எந்த வண்டியையும் வாங்காதீர்கள்.

செலவைப் பற்றி ஒவ்வொரு வண்டியின் கீழும் சொல்கிறேன். வீட்டில் இன்னும் யார் ஓட்டுவார்கள் என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்று பின்சீட்டில் இருக்கும் மனைவிக்கு நாளை வண்டி தேவைப்பட்டால் அவரால் எடுத்துக்கொண்டு போக முடிய வேண்டும்.

## எக்ஸ்எல்

1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50, இந்தியாவில் இருவர் உட்காரும் முதல் மொபெட். அந்தப் பரம்பரைதான் இன்றைய எக்ஸ்எல் 100. பெயர்தான் மொபெட், 99.7 சிசி நாலு ஸ்ட்ரோக் இன்ஜின், கியர் கிடையாது. லைசென்சு எடுக்காத பதினாறு வயதுப் பையனிடம் 'எக்ஸ்எல்தானே' என்று கொடுப்பது தவறு. 16 வயதில் கிடைக்கும் லைசென்சு 50 சிசி வரைக்கும்தான்.

வயதானவர் ஏற இதைவிட எளிய வண்டி இல்லை. சீட் தாழ்வு, குறுகல். பாட்டி ஒரு கையால் ஓட்டுபவரின் தோளைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாக உட்கார்ந்துவிடுவார். 16 அங்குலச் சக்கரம் என்பதால் தார் விளிம்பில் ஏறுவதில் ஸ்கூட்டரைவிட மேல். முன்பக்கம் தட்டையான மிதிபலகை இருப்பதால் தனியாகப் போகும்போது உரமூட்டை, நாற்றுக்கட்டு, பால்கேன் எல்லாம் ஏறும். பின்சீட்டைக் கழற்றி அந்த இடத்தையும் சுமைக்கு விடலாம். சுமார் அறுபது கிலோமீட்டர் மைலேஜ் கிடைக்கும், இருவர் போனால் கொஞ்சம் குறையும். வாங்கும் விலையும் இருப்பதிலேயே குறைவு. எந்த மதகடி மெக்கானிக்கும் இதைப் பிரித்து மாட்டுவார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பின்சீட் சின்னது, மெத்தை மெலிசு. பதினைந்து கிலோமீட்டர்வரை தாங்கும், நாற்பது தாங்காது. முன்னும் பின்னும் 110 மில்லிமீட்டர் டிரம் பிரேக். பெரும்பாலான பைக், ஸ்கூட்டர்களில் முன்பக்கம் இருப்பதைவிடச் சிறியது. நாலு குதிரைத்திறனை ஒட்டிய இன்ஜின் இருவரோடு ஐம்பதுக்குமேல் போனால் அழும். தஞ்சாவூர்-திருச்சி நான்குவழிச் சாலையில் இருவரோடு எக்ஸ்எல் ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அங்கே ஆபத்து நம் வேகத்தில் இல்லை, பின்னால் வருகிறவனின் வேகத்தில் இருக்கிறது. 4 லிட்டர் டேங்க் என்பதால் வெளியூர் போய்த் திரும்பினால் இடையில் ஒரு பங்க் தேட வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு சுமையில் வருகிறது. மூட்டை ஏற்றி ஏற்றி ஷாக்அப்சரும் சக்கரக் கம்பிகளும் தளர்ந்துபோகும். அதே வண்டியில் ஞாயிற்றுக்கிழமை மனைவியை ஏற்றிக்கொண்டு போகும்போது பின்பக்கம் ஆடும். சுமைக்கு ஓடும் எக்ஸ்எல்லில் ஆள் ஏற்றுவதாக இருந்தால் பின்சக்கரத்தை அடிக்கடி தூக்கிச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

## ஸ்கூட்டர்

110 சிசி, 125 சிசி ஸ்கூட்டர்களை ஒரே கூட்டில் வைக்கிறேன். ஆக்டிவா, ஜூபிடர், ஆக்சஸ் எல்லாம் இதில் அடக்கம். 2018இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய், மானியம் கிடைத்தபோது கிராமத்துக்குள்ளும் ஸ்கூட்டர் வேகமாக வந்தது. முன்பு பின்சீட்டில் மட்டுமே இருந்த பலர் ஹேண்டிலுக்கு வந்தார்கள். இதன் பெரிய பலம் இன்றும் அதுதான்: வீட்டில் எல்லோரும் ஓட்டலாம்.

பின்சீட்டைப் பொறுத்தவரை, ஒருபக்கமாக உட்காருவதற்கு ஸ்கூட்டரைவிட வசதியான சீட் கிடையாது. அகலம், தட்டை, தாழ்வு. சக்கரத்தின் பெரும்பகுதி உடலுக்குள் மறைந்திருப்பதால் புடவை சிக்கும் வாய்ப்பும் குறைவு. ஆனால் இடதுபக்கம் ஒருபக்கமாக உட்காருபவர் இரண்டு காலையும் வைப்பதற்குப் பல ஸ்கூட்டர்களில் சரியான மிதி இருக்காது. மடக்கும் ஃபுட்ரெஸ்ட் ஒரு காலுக்குத்தான். பெண்களுக்கான அகல மிதியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். பின்பிடிக் கம்பியும் சில மாடல்களில் அழகுக்கு வைத்ததாக இருக்கும், விரல் முழுதாக நுழையாது. இரண்டையும் கடையிலேயே பேசி மாட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். கால் போட்டு உட்காருபவர் குட்டையானவராக இருந்தால் அகலமான சீட்டே அவருக்குப் பகை.

டவுனுக்குள் ஸ்கூட்டர் சொகுசு. கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் இருவரோடு நின்று நின்று போகும்போதும், நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வரிசையில் ஊரும்போதும் கிளட்ச் பிடிக்காத கை நிம்மதியாக இருக்கும். ஊரைத் தாண்டியதும் கதை மாறும். பல மாடல்களில் பின்சக்கரம் 10 அங்குலம்தான். பள்ளத்தில் ஆழமாக விழும். பின்னால் இருப்பவர் அந்தச் சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருப்பதால் அடி முழுவதும் அவர் முதுகெலும்புக்குப் போகும். இன்ஜினும் பின்னால், ஆளும் பின்னால் என்றாகும்போது முன்பக்கம் லேசாகி, களிமண்ணில் ஹேண்டில் சொன்னபடி கேட்காது. முதுகுவலிக்காரர் பின்சீட்டில் என்றால் இரண்டு சக்கரமும் 12 அங்குலமாக உள்ள மாடல்களை மட்டும் பாருங்கள். ஜூபிடர் அப்படிப்பட்டது.

செலவுக்கணக்கு இது. மாதம் 600 கிலோமீட்டர் ஓடினால், லிட்டருக்கு 45 தரும் ஸ்கூட்டருக்கும் 60 தரும் பைக்குக்கும் நடுவே மூன்றேகால் லிட்டருக்குச் சற்று மேல் வித்தியாசம். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலே வருஷத்துக்கு 4,000 ரூபாய். இருவரோடு சேற்றிலும் தண்ணீரிலும் ஓட்டினால் உள்ளே இருக்கும் பெல்ட்டும் கிளட்சும் சீக்கிரம் தேயும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஓடும் ரோட்டில் பெல்ட் அறைக்குள் நீர் புகுந்தால் வண்டி உறுமும், நகராது.

## நூறு முதல் நூற்றிருபத்தைந்து சிசி பைக்

ஸ்ப்ளெண்டர், பிளாட்டினா, ரேடியான், ஷைன் போன்ற தட்டைச் சீட் வண்டிகளைச் சொல்கிறேன். நூற்றைம்பதுக்கு மேலே, பின்சீட் தனியாக மேடேறி நிற்கும் ஸ்போர்ட்ஸ் பைக்குகளுக்கு இந்தக் கட்டுரையில் இடமில்லை. அவற்றில் பின்சீட் என்பது பதிவுச் சான்றிதழுக்காக வைத்தது; மகனுக்குப் பிடிக்கும், அம்மாவால் ஏற முடியாது.

கரை ரோட்டுக்கும் நீண்ட தூரத்துக்கும் பைக்கை வெல்ல மற்றவற்றால் முடியாது. ஸ்ப்ளெண்டரை எடுத்துக்கொள்ளுங்கள்: 18 அங்குலச் சக்கரம், 9.8 லிட்டர் டேங்க், 130 மில்லிமீட்டர் டிரம், சுமைக்கு ஏற்ப மாற்றக்கூடிய பின் ஷாக்அப்சர். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணிவரை இருவர் போய்வந்தாலும் பின்னால் இருப்பவர் இறங்கியதும் நடப்பார். சீட் நீளமாக இருப்பதால் இருவருக்கும் நடுவே கொஞ்சம் காற்றும் இருக்கும், சித்திரை வெயிலில் அது சின்ன விஷயமில்லை. இடதுபக்கம் சேலை கார்டு, அதற்குக் கீழே ஒருபக்கமாக உட்காருபவருக்கு மிதி, செயினுக்கு முழு மூடி. வாங்கும்போது மூடி முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். அதே இடதுபக்கம்தான் புடவை தொங்குகிறது.

ஏறுவதுதான் சிக்கல். ஸ்ப்ளெண்டர் சீட் 785 மில்லிமீட்டர் உயரம். ஐந்தடிக்குக் குறைந்த வயதானவர், அதுவும் முழங்கால் மடங்காதவர், கல்லோ திண்ணையோ இல்லாத இடத்தில் ஏறத் தடுமாறுவார். நடுரோட்டில் இறங்கச் சொன்னால் அதைவிடக் கஷ்டம். கால் போட்டு உட்காருபவருக்கு வலது கெண்டைக்காலில் சைலன்சர் சூடு படும் ஆபத்தும் உண்டு. வேட்டியை மடித்துக் கட்டியவர்களுக்கு அந்தத் தழும்பு எங்கே இருக்கும் என்று தெரியும். கியர் வண்டி என்பதால் வீட்டுப் பெண்கள் பலர் தொட மாட்டார்கள். தொடக் கூடாது என்றில்லை. சொல்லிக் கொடுக்க ஆளிருந்தால் ஒரு மாதத்தில் ஓட்டுவார்கள். ஆனால் பெரும்பாலான வீடுகளில் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

மறைசெலவு குறைவு. செயினை இறுக்கி எண்ணெய் விடுவதும், தேய்ந்தால் செயினோடு ஸ்ப்ராக்கெட்டை மாற்றுவதும்தான் முக்கியமானவை. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து உப்புக்காற்றில் மட்டும் சேலை கார்டு, பின்கம்பி ஆகியவற்றின் போல்ட்டுகள் சத்தமில்லாமல் துருப்பிடிக்கும். ஒருவர் முழு எடையையும் நம்பிப் பிடித்திருக்கும் கம்பி அது. வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

## மின்சார ஸ்கூட்டர், சுருக்கமாக

சமதரைக்கு இது பொருந்தும். அதிர்வு இல்லை, சத்தம் இல்லை, பின்னால் இருப்பவரோடு பேசிக்கொண்டே போகலாம். ஓட்டும் செலவு பெட்ரோலோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. ஆனால் விளம்பரத்தில் சொல்லும் தூரம் இருவரோடு கிடைக்காது. வாங்கும்போதே கணிசமாகக் கழித்துக்கொள்ளுங்கள். பழுது என்றால் தஞ்சாவூருக்கோ கும்பகோணத்துக்கோ தள்ளிக்கொண்டு போக வேண்டிய தூரத்தில் நீங்கள் இருந்தால் யோசியுங்கள். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓட வீட்டில் இருப்பது ஒரே வண்டி என்றால், கடலோரத்தில் அது மின்சார வண்டியாக இருக்க வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டாவது வண்டியாக, டவுனுக்குள், தாராளமாக வாங்கலாம்.

## ஒரே பார்வையில்

| எதற்கு | எக்ஸ்எல் | ஸ்கூட்டர் | 100–125 பைக் | மின்சார ஸ்கூட்டர் |
|---|---|---|---|---|
| வயதானவர் ஏறி இறங்க | மிக எளிது | எளிது | சிரமம் | எளிது |
| ஒருபக்கமாக உட்கார | பரவாயில்லை, சீட் சின்னது | நன்று, மிதி மாட்டினால் | நன்று, கார்டு இருந்தால் | ஸ்கூட்டர் மாதிரியே |
| கரை ரோடு, குழி | பரவாயில்லை | மோசம் | நன்று | மோசம் |
| இருவர், 40 கி.மீ.க்கு மேல் | வேண்டாம் | முதுகைப் பொறுத்தது | நன்று | சார்ஜைப் பொறுத்தது |
| தனியாக மூட்டை ஏற்ற | நன்று | ஒரு பை அளவு | பின்சீட்டில் கட்டலாம் | ஒரு பை அளவு |
| வீட்டில் எல்லோரும் ஓட்ட | ஆம் | ஆம் | பெரும்பாலும் இல்லை | ஆம் |
| தண்ணீர் நிற்கும் ரோடு | கவனம் | கவனம் | ஓரளவு தாங்கும் | கவனம் |
| ஓட்டும் செலவு | குறைவு | அதிகம் | குறைவு | மிகக் குறைவு |

## எந்த வண்டியானாலும் வரும் செலவு

பின்சீட்டுக்காரருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா? கேட்டால் 'வண்டிக்கு இருக்கே' என்பார்கள். புது வண்டியோடு ஐந்து வருஷத்துக்குத் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ், அதாவது நம் வண்டியால் அடிபடும் வெளியாருக்கான காப்பீடு, கட்டாயம். வண்டிச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் முதல் வருஷத்துக்குத்தான். இரண்டாம் வருஷத்திலிருந்து பலர் அதைப் புதுப்பிப்பதில்லை, 'அதான் அஞ்சு வருஷம் இருக்கே' என்று விட்டுவிடுகிறார்கள். அதன்பின் கையில் இருப்பது வெறும் ஆக்ட் பாலிசி, அதாவது சட்டம் கட்டாயப்படுத்தும் தேர்டு பார்ட்டி காப்பீடு மட்டும். அதில், கட்டணம் இல்லாமல் பின்சீட்டில் வரும் ஆளுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்திருக்கிறது. மோதிய வண்டி வேறொன்று என்றால் அந்த வண்டியின் இன்சூரன்ஸில் கேட்கலாம். நீங்களே நெல்லில் சறுக்கி விழுந்து பின்னால் இருந்தவருக்கு அடிபட்டால் வழியில்லை. பேக்கேஜ் பாலிசி என்கிற முழுக் காப்பீட்டில் பின்சீட்டுக்காரரும் சேர்த்தி. 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு ஓட்டும் உரிமையாளருக்கு மட்டும். பின்னால் இருப்பவருக்கும் வேண்டும் என்றால் கேட்டுச் சேர்க்க வேண்டும். எரிபொருளில் வருஷம் 4,000 மிச்சம் பிடிக்கிறவர்கள் அதில் ஒரு பங்கை இங்கே போடுங்கள்.

இரண்டாவது ஹெல்மெட்டையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட யாரும் ஹெல்மெட் இல்லாமல் ஏறக் கூடாது; பின்னால் இருப்பவருக்கும் அபராதம் 1,000 ரூபாய்தான். அம்மாவின் கொண்டைக்கு நுழைகிற அளவைப் பார்த்து வாங்குங்கள், நுழையாவிட்டால் அது பரணில்தான் கிடக்கும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயதுவரை உள்ள குழந்தைக்கு ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் குழந்தை ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40ஐத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதி இது. ஸ்கூட்டர் மிதிபலகையில் குழந்தையை நிற்க வைப்பது பிரேக் அடிக்கும் நொடிவரைதான் வசதி.

ட்ரிபிள்ஸ் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. ஓட்டுபவரைத் தவிர ஒருவர்தான் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவு. குழந்தைக்கென்று அதில் தனி விலக்கு இல்லை. குடும்பத்தில் நாலு பேர் என்றால் எந்த வண்டி வாங்கினாலும் இரண்டு பேருக்கு வழி வேறு பார்க்க வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை. பஸ் போகும் ரோட்டில் வீடு உள்ளவர்கள், அம்மாவை நாற்பது கிலோமீட்டர் பின்சீட்டில் குலுக்கிக்கொண்டு போவதைவிட, ஸ்டாப்பில் ஏற்றிவிட்டு அங்கே வந்து கூட்டிப் போகலாம். அப்படியானால் வண்டிக்கு ஐந்து கிலோமீட்டர் வேலைதான், எக்ஸ்எல்லே போதும்.

## கேட்டவர்களுக்கு

வலங்கைமான்காரருக்கு: எக்ஸ்எல் வாங்குங்கள். உரத்துக்கும் ஆயிற்று, அம்மாவை பஸ் ஸ்டாப்வரை கொண்டுவிடவும் ஆயிற்று. தஞ்சாவூர்வரை வண்டியிலேயேதான் போக வேண்டும் என்றால் முதலில் அம்மாவால் பைக்கில் ஏற முடிகிறதா என்று பக்கத்து வீட்டு வண்டியில் பாருங்கள். ஏறினால் பைக், ஏறாவிட்டால் எக்ஸ்எல்லும் பஸ்ஸும். இரண்டுக்கும் நடுவே ஸ்கூட்டரை வாங்கினால் உரமும் ஏறாது, முதுகும் தாங்காது.

மயிலாடுதுறைக்காரருக்கு: டவுன் ரோடு, தினமும் இருவர், மனைவியும் ஓட்டுவார். ஸ்கூட்டர்தான், இரண்டு சக்கரமும் 12 அங்குலம் உள்ளது. வீட்டு வாசலில் சார்ஜ் போட இடமிருந்து, அவசரத்துக்கு வேறொரு பெட்ரோல் வண்டியும் இருந்தால் மின்சார வண்டியையும் பார்க்கலாம்.

திருத்துறைப்பூண்டிக்காரருக்கு: மகனுக்கு 125 சிசி தட்டைச் சீட் பைக். அவர் முகம் சுளிப்பார், ஒரு மாதம் சுளிக்கட்டும். சேலை கார்டைக் கழற்றக் கூடாது என்பது சாவி கொடுக்கும்போதே பேச வேண்டிய நிபந்தனை. வீட்டுக்காரம்மா தானே ஓட்ட விரும்புகிறார் என்றால் இந்தப் பேச்சே வேறு: அவருக்கு ஸ்கூட்டர், மகன் பின்சீட்டில்.

## வண்டி ஏற்கெனவே இருக்கிறது என்பவர்களுக்கு

மாற்ற வேண்டாம், சரிசெய்யலாம். இருவர் போகும்போது பின்சக்கரத்தில் காற்று கூடுதலாக வேண்டும். எவ்வளவு என்று கையேட்டில் தனியாகப் போட்டிருக்கும், சில வண்டிகளில் செயின் மூடியில் ஒட்டியிருக்கும். காற்றடிக்கும் பையனிடம் 'ரெண்டு பேர் போறோம்பா' என்று சொன்னாலே போதாது, எண்ணைச் சொல்ல வேண்டும். பின் ஷாக்அப்சரில் படிப்படியாக இறுக்கும் வளையம் இருந்தால் ஒன்றிரண்டு படி ஏற்றுங்கள். எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். எடை பின்னால் போனதும் ஹெட்லைட் மேலே தூக்கிக்கொள்ளும். ராத்திரியில் எதிரே வருகிறவர் கண் கூசினால் அவர் நம்மேல்தான் வருவார், அதைக் கீழே இறக்கிவைக்க ஒரு ஸ்குரூ டிரைவர் போதும்.

பின்னால் இருப்பவருக்கும் நாலு வேலை உண்டு. ஓட்டுபவர் சொன்ன பிறகே ஏறுவது, திருப்பத்தில் எதிர்ப்பக்கம் சாயாமல் வண்டியோடு இருப்பது, முந்தானையை இடுப்பில் செருகுவது, வண்டி முழுதாக நிற்கும்வரை காலைத் தரையில் வைக்காதது. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். பையை இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டால் கை கம்பிக்குப் போகும். ஓட்டுகிறவர்கள் குழி வருவதற்கு முன்பே 'குழிம்மா' என்று ஒரு குரல் கொடுத்தால் அவர் இடுப்பைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வார். எந்த ஷாக்அப்சரும் செய்யாத வேலையை அந்த ஒரு சொல் செய்யும்.